கம்யூனிட்டி காலேஜ் ஈஎஸ்எல்: இலவச வகுப்பா, கிரெடிட் வகுப்பா?

செவ்வந்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் பே ஏரியா பக்கம் இருக்கிறோம். கணவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்த எச்-4 விசா. வந்து இன்னும் ஒரு வருடம் நிறையவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம், அப்புறம் எம்எஸ்சி கெமிஸ்ட்ரி. புத்தகத்தில் இருக்கும் ஆங்கிலத்தைப் பார்த்தால் பயமில்லை. ஆய்வுக் கட்டுரையைக்கூட உட்கார்ந்து படித்துவிடுவேன். குழந்தையின் டாக்டர் ஆபீசிலிருந்து போன் வந்தால் மட்டும் அதைக் கணவர் கையில் கொடுத்துவிடுவேன்.

பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) ஈஎஸ்எல், அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகச் சொல்லித்தரும் வகுப்பில் சேரலாம் என்று விசாரித்தேன். பரீட்சை எதுவும் வைக்கவில்லை. சில பத்திகளையும் ஆடியோக்களையும் கொடுத்து, எதுவரை சிரமமில்லாமல் புரிகிறது என்று என்னையே சொல்லச் சொன்னார்கள். முடிவில் எழுதுவதற்கும் வாசிப்பதற்கும் மேல் லெவல், கேட்பதற்கும் பேசுவதற்கும் கீழிருந்து இரண்டாவது லெவல் என்று பரிந்துரை வந்தது. கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

இதில் நான்-கிரெடிட் என்று ஒன்று, கிரெடிட் என்று ஒன்று. முதலாவது இலவசம், இரண்டாவதற்குக் காசு. எதில் சேர்வது? எச்-4 என்பதால் ஏதாவது சிக்கல் வருமா? பின்னால் ஏதாவது லேப் வேலைக்கான சர்ட்டிஃபிகேட் படிக்க ஆசை.

---

டல்லாஸ்_அண்ணாச்சி எழுதியது:

தங்கச்சி, எம்எஸ்சி முடித்துவிட்டு ஏபிசிடி வகுப்பில் போய் உட்காரப் போகிறீர்களா? யூடியூபில் இல்லாததா? தினமும் ஒரு மணி நேரம் நியூஸ் கேளுங்கள், சப்டைட்டில் போட்டு நாலு சீரியல் பாருங்கள், தானாக வந்துவிடும். என் வீட்டில் அப்படித்தான். நான் வந்த புதிதில் எனக்கு யார் வகுப்பு எடுத்தார்கள்? ஆபீசில் திட்டு வாங்கியே கற்றுக்கொண்டேன்.

---

ராத்திரி_ஷிப்ட் எழுதியது:

அண்ணாச்சி, உங்களைத் திட்டவாவது ஆபீசில் ஆள் இருந்தார்கள். வீட்டில் இருப்பவரை ஆங்கிலத்தில் யார் திட்டுவது?

சீரியல் பார்த்தால் காது பழகும், மறுக்கவில்லை. ஆனால் டிவி நம்மைத் திருப்பிக் கேள்வி கேட்காது. நான் போன வகுப்பில் வியட்நாம்காரர், மெக்சிகோக்காரர், எத்தியோப்பியாக்காரர் எல்லாம் இருந்தார்கள். எங்களுக்குள் பொது மொழி ஆங்கிலம் மட்டும்தான். அரைகுறை ஆங்கிலத்தில் பேசினால்தான் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பென்சில்கூடக் கடன் வாங்க முடியும். நம் அபார்ட்மென்ட்டில் இறங்கினால் எல்லாம் தமிழும் தெலுங்கும். அந்த நிர்ப்பந்தம் வேறு எங்கே கிடைக்கும்?

---

கரும்பலகை எழுதியது:

நான் கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் ஈஎஸ்எல் சொல்லிக்கொடுக்கிறேன். காலேஜ் பெயர் வேண்டாம். செவ்வந்தியின் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். பலரும் லெவலைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள், எந்தப் பாதையில் நுழைகிறோம் என்று பார்ப்பதில்லை.

இந்த மாநிலத்தில் நான்-கிரெடிட் ஈஎஸ்எல்லுக்குச் சேர்க்கைக் கட்டணம் கிடையாது. வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவர் என்று கூடுதல் கட்டணமும் இல்லை. பெரும்பாலான வகுப்புகளில் நடுவில் எப்போது வேண்டுமானாலும் சேரலாம். அதே லெவலைத் திரும்பவும் எடுக்கலாம். நீங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மணி நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் மாநில அரசு காலேஜுக்குப் பணம் தருகிறது. அதனால்தான் வருகைப் பதிவில் அவ்வளவு கறார். நல்ல பக்கம் இது. மோசமான பக்கமும் இருக்கிறது. ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பதால் ஆசிரியர் பாடத்தைத் திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். மூன்றாவது வாரத்தில் சேர்ந்தவருக்கு அது சௌகரியம், முதல் நாளிலிருந்து வருபவருக்கு எரிச்சல்.

கிரெடிட் வகுப்பு முழுக்க வேறு. சிலபஸ், கெடு தேதி, கட்டுரை, மார்க் எல்லாம் உண்டு. மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர், 2012 கோடையிலிருந்து அந்தத் தொகை மாறவில்லை. டி ஆன்சா, ஃபுட்ஹில் மாதிரி குவார்ட்டர் முறைக் காலேஜ்களில் ஒரு குவார்ட்டர் யூனிட்டுக்கு 31 டாலர். அதோடு ஹெல்த் ஃபீஸ் மாதிரி சில்லறைகள். இங்கே வாங்கும் மார்க் டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். சும்மா போய்ப் பார்ப்போம் என்று சேர்ந்து, பாதியில் காணாமல் போய், எஃப் வாங்கி, நாலு வருடம் கழித்து நர்சிங் விண்ணப்பத்தில் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். விலக வேண்டும் என்றால் கெடு தேதிக்குள் முறையாக டிராப் செய்யுங்கள். தாமதமானால் டபிள்யூ (பாடத்திலிருந்து விலகியதற்கான குறி) விழும், அது எஃப்பைவிட எவ்வளவோ மேல்.

விசா விஷயம்: எச்-4-இல் இருப்பவர் முழுநேரமோ பகுதிநேரமோ படிக்கலாம், தனி அனுமதி தேவையில்லை. எச்-4 காரர்கள் கலிஃபோர்னியாவில் ரெசிடென்சி (மாநிலவாசிக் கட்டணத்துக்கான தகுதி) கோரவும் முடியும், ஆனால் டெர்ம் தொடங்குவதற்கு முன்பே இங்கே ஒரு வருடத்துக்கு மேல் வசித்திருக்க வேண்டும். ஒரு வருடமும் ஒரு நாளும் என்று ஆபீசில் சொல்வார்கள். வாடகை ஒப்பந்தம், வங்கி ஸ்டேட்மென்ட், டிரைவிங் லைசென்ஸ் என்று காட்டச் சொல்வார்கள். வருடம் நிறைவதற்கு முன் கிரெடிட்டில் சேர்ந்தால் வெளியாள் கட்டணம்தான், ஒரு யூனிட்டுக்கே சில நூறு டாலர் ஆகிவிடும். உங்களுக்கு இன்னும் வருடம் ஆகவில்லை என்கிறீர்கள். அந்த ஒரு காரணமே இப்போதைக்கு நான்-கிரெடிட்டில் தொடங்கப் போதும்.

---

செவ்வந்தி எழுதியது:

மிக்க நன்றி. இந்த ரெசிடென்சி விஷயத்தைக் கவுன்டரில் யாருமே சொல்லவில்லை. கட்டணப் பட்டியலில் 46 என்று பார்த்துவிட்டு அதுதான் எனக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு சந்தேகம். படித்தால் புரிகிற அதே வாக்கியம், கேட்டால் ஏன் புரிவதில்லை? எனக்குத் தெரியாத வார்த்தை ஒன்றும் அதில் இருப்பதில்லை.

---

மழைக்காகம் எழுதியது:

இதில் நான் கொஞ்சம் பைத்தியம். மொழியியல் படித்தவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் தமிழில் ஒவ்வொரு அசைக்கும் ஏறக்குறைய அதன் நியாயமான நேரத்தைக் கொடுத்துவிடுவோம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஆங்கிலம் அப்படி இல்லை. ஒரு சொல்லில் ஏதாவது ஓர் அசையை அழுத்திவிட்டு, மற்ற உயிரெழுத்துகளைப் பெரும்பாலும் மங்கலான ஓர் 'அ' ஆக்கி விழுங்கிவிடுவார்கள். ஃபோட்டோகிராஃப் என்பதில் அழுத்தம் முதல் அசையில். ஃபோட்டோகிராஃபர் என்று வந்ததும் அழுத்தம் இரண்டாவது அசைக்கு ஓடிவிடும், கேட்பதற்கு "ஃப-டா-க்ர-ஃபர்" என்று இருக்கும். முன்பு 'ஃபோ' என்று கேட்ட இடமே காணாமல் போயிருக்கும். டெவலப்மென்ட்டில் அழுத்தம் 'வெ' மேல். நாம் 'டெ'யை அழுத்துகிறோம்.

செவ்வந்தி படித்துக் கற்றவர். அவர் மனதில் ஒவ்வொரு சொல்லும் எல்லா எழுத்தும் முழுசாக ஒலிக்கும் வடிவத்தில் பதிந்திருக்கிறது. போனில் வருவதோ விழுங்கிய வடிவம். "வாட் ஆர் யூ கோயிங் டு டூ" என்று ஆறு சொற்களுக்குக் காத்திருந்தால், வருவது "வாட்ச கன்ன டூ". காது தேடுவது கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அறிவுக் குறைவெல்லாம் ஒன்றுமில்லை.

இன்னொன்று. நம் எழுத்தில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஒரே வடிவம்தான். தமிழ்ச் சொல்லில் அது வல்லோசையா மெல்லோசையா என்பதை அது நிற்கும் இடமே முடிவு செய்துவிடும்: சொல்லுக்கு முதலில் ஒரு மாதிரி, மெல்லினத்துக்குப் பின்னால் வேறு மாதிரி. அதனால் இந்த வேறுபாட்டைத் தனியாகக் கவனிக்க வேண்டிய தேவையே நம் காதுக்கு இருந்ததில்லை. ஆங்கிலத்தில் முதுகும் (back) பையும் (bag) அந்த ஒரு வேறுபாட்டில்தான் பிரிகின்றன. இதில் ஒரு குறுக்கு வழி உண்டு. கடைசி மெய்யைக் கவனிக்காதீர்கள், அதற்கு முந்தைய உயிரின் நீளத்தைக் கவனியுங்கள். பையில் அது நீளும், முதுகில் சட்டென்று முடியும். ஆங்கிலம் பேசுபவர்களும் பெரும்பாலும் அதை வைத்துத்தான் பிரித்துக் கேட்கிறார்கள்.

கேட்டல்-பேச்சுக்குக் கீழ் லெவல் வந்ததில் தவறே இல்லை. சொல்லப்போனால் அதுதான் உங்களுக்குத் தேவை.

---

டல்லாஸ்_அண்ணாச்சி எழுதியது:

> டெவலப்மென்ட்டில் அழுத்தம் 'வெ' மேல்

இருபது வருடமாக 'டெ'யை அழுத்தித்தான் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கிறேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லையே. நம் உச்சரிப்பு நம்முடையது. வெள்ளைக்காரன் மாதிரி பேச வேண்டும் என்று என்ன கட்டாயம்?

---

மழைக்காகம் எழுதியது:

கட்டாயமே இல்லை அண்ணாச்சி. நம் 'ட'வும் 'ர'வும் அப்படியே இருக்கட்டும், அது யாருக்கும் தடையாக இருப்பதில்லை. நான் சொல்வது அழுத்தத்தை மட்டும். அது இடம் மாறினால் கேட்பவர் வேறு சொல்லைத் தேட ஆரம்பித்துவிடுவார். மீட்டிங்கில் உங்களோடு பழகியவர்கள் இருக்கிறார்கள், ஸ்லைடு வேறு திரையில் இருக்கிறது. போனில் முன்பின் தெரியாத ஒருவரிடம் 13, 30 என்று சொல்லிப் பாருங்கள்.

---

யாழ்_பனை எழுதியது:

நான் டொரொன்டோவில் இருக்கிறன். இங்க வந்த எங்கட சனம் கனபேர் லிங்க் எண்ட, புதுசா வந்த ஆக்களுக்கான மொழி வகுப்புக்குத்தான் போனவை. பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) ஆக்களுக்கும் அகதியாக ஏற்றுக்கொண்ட ஆக்களுக்கும் மத்திய அரசின் காசில் நடக்கிறது, முழுக்க இலவசம். சிட்டிசன் ஆனாப் பிறகு சேர ஏலாது, அதனால முதலே போங்கோ என்று எல்லாருக்கும் சொல்லுவன். சில இடங்களில் பிள்ளைகளைப் பார்க்கவும் ஆள் இருக்கு. அங்க அப்படி ஒன்றும் இல்லையோ?

---

கரும்பலகை எழுதியது:

இங்கே நாடு முழுக்க ஒரே மாதிரி அப்படி ஒன்று இல்லை அண்ணா. வயது வந்தோர் கல்விக்கு மத்திய அரசு நிதி இருக்கிறது (2014-இல் வந்த சட்டத்தின் இரண்டாம் பகுதி), ஆனால் அது மாநிலம் வழியாக இறங்கி, ஓர் ஊரில் கம்யூனிட்டி காலேஜுக்கும் இன்னோர் ஊரில் அடல்ட் ஸ்கூலுக்கும் மற்றோர் ஊரில் நூலகத்துக்கும் போய்ச் சேரும். அதனால் ஒருவர் ஊர் அனுபவம் இன்னொருவருக்கு உதவுவதில்லை. நியூயார்க்கில் க்யூனி என்ற நகரப் பல்கலைக்கழகம் நடத்தும் க்ளிப் என்ற திட்டத்தில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் ஆங்கிலம் மட்டும். வாஷிங்டன் மாநிலத்தில் 2004-இல் தொடங்கிய ஐ-பெஸ்ட் என்ற முறையில் ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள்: ஒருவர் தொழிலைச் சொல்லிக்கொடுப்பார், மற்றவர் அதற்கு வேண்டிய ஆங்கிலத்தை. ஆங்கிலம் முடியட்டும், அப்புறம் தொழில் என்று காத்திருக்க வேண்டியதில்லை. எல்லா மாநிலத்திலும் இப்படி இருந்தால் எனக்கு வேலையில் பாதி மனக்கஷ்டம் குறையும்.

---

புளியமரத்து_பிள்ளை எழுதியது:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். அம்மா விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார், பகல் முழுக்கத் தனியாக இருக்கிறார். அவரை இந்த இலவச வகுப்பில் சேர்த்துவிடலாமா? அப்புறம் மாமியாருக்குக் கிரீன் கார்டு இருக்கிறது. சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவை நினைத்தே பயப்படுகிறார்.

---

கரும்பலகை எழுதியது:

அம்மாவுக்கு வேண்டாம். பி-2 விசாவில் வந்தவர் படிப்பில் சேரக் கூடாது. காலேஜ் கவுன்டரில் விசா பற்றிக் கேட்காமலே பதிவு செய்துவிடக்கூடும், ஆனால் விசா விதி காலேஜ் கையில் இல்லை. பொழுதுபோக்காக நூலகத்தில் நடக்கும் உரையாடல் குழுவுக்குக் கூட்டிப்போங்கள், அது பதிவு செய்து படிக்கும் படிப்பு இல்லை.

எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கும் நண்பர்கள் யாராவது வாசித்தால் அவர்களுக்கும் ஒன்று: அரசு நிதியில் நடக்கும் அடல்ட் எஜுகேஷன் திட்டங்களில் எஃப்-1 தகுதியில் படிக்க முடியாது, 1996 முதல் சட்டம் அப்படித்தான். காலேஜ் ஐ-20 (மாணவர் விசாவுக்கான சேர்க்கைப் படிவம்) கொடுத்துச் சேர்க்கும் படிப்பு வேறு விஷயம், அதற்கு முழுக் கட்டணம் உண்டு.

மாமியார் தாராளமாகச் சேரலாம். பல இடங்களில் சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவுக்கென்றே தனி வகுப்பு இருக்கிறது. அதற்கு முன் வயதைப் பாருங்கள். விண்ணப்பிக்கும்போது 50 வயது கடந்து 20 வருடம் கிரீன் கார்டில் இருந்திருந்தாலோ, 55 கடந்து 15 வருடம் இருந்திருந்தாலோ ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. குடிமையியல் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தமிழிலேயே பதில் சொல்லலாம்.

---

ராத்திரி_ஷிப்ட் எழுதியது:

செவ்வந்தி, கிரெடிட் வகுப்பு எப்படி இருக்கும் என்று ஒரு மாணவன் பக்கத்திலிருந்தும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியரைப் பொறுத்தது எல்லாம். எனக்கு முதலில் வாய்த்தவர் புத்தகத்தைத் திறந்து பயிற்சி 4, பயிற்சி 5 என்று வாசித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். பேச்சு வகுப்பில் நாங்கள் பேசியதைவிட அவர் பேசியது அதிகம். அடுத்த டெர்மில் வந்தவர் நேர் எதிர். ஒவ்வொருவரையும் அவருடைய ஆபீஸ் அவரில் (மாணவர்களைத் தனியாகச் சந்திக்க ஒதுக்கிய நேரத்தில்) கூப்பிட்டு, நாங்கள் ரெக்கார்ட் செய்ததைப் போட்டுக் காட்டி, எங்கே தடுமாறுகிறோம் என்று பிரித்துச் சொன்னார். பதிவு செய்யும் முன் பழைய மாணவர்களிடம் ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆபீஸ் அவர் என்பதை நம் ஆட்கள் யாரும் பயன்படுத்துவதில்லை. தப்பு செய்தால்தான் ஆசிரியர் அறைக்குப் போக வேண்டும் என்று ஊரில் பழகிவிட்டோம். இங்கே அது சம்பளத்தோடு நமக்காக ஒதுக்கி வைத்திருக்கும் நேரம். தனியாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசக் கிடைக்கும் வாய்ப்பும் அதுதான்.

---

கரும்பலகை எழுதியது:

உண்மை. என் ஆபீஸ் அவரில் பாதி நாள் நான் மட்டும்தான் உட்கார்ந்திருப்பேன்.

எழுத்து வகுப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், செவ்வந்தி அங்கேதான் மேல் லெவலில் இருக்கிறார். நம் பிள்ளைகளின் கட்டுரையில் இலக்கணப் பிழை குறைவாகவே இருக்கும். 'தி', 'எ' எங்கே போடுவது என்பதில் மட்டும் கடைசிவரை தடுமாறுவார்கள், தமிழில் அப்படி ஒன்று இல்லாததால். அதற்கு நான் அதிகம் மார்க் குறைப்பதில்லை. குறைவது வேறு இடத்தில். மனிதகுலம் தோன்றிய காலத்திலிருந்தே என்று ஆரம்பித்து, ஒரு பக்கம் சுற்றி, கடைசிப் பத்தியில் விஷயத்துக்கு வருவார்கள். இங்கே முதல் பத்தியிலேயே உன் கட்சி என்ன என்று சொல்லிவிட வேண்டும், மிச்சம் எல்லாம் அதற்கான ஆதாரம். இன்னொன்று, மனப்பாடம் செய்த பத்தியை அப்படியே எழுதினால் ஊரில் அது கெட்டிக்காரத்தனம், இங்கே திருட்டு. மேற்கோள் குறி இல்லாமல் வந்தால் பூஜ்யம் விழும், சில இடங்களில் விசாரணைகூட நடக்கும். ஏஐ எழுதிக் கொடுத்ததை ஒட்டினாலும் அதே கதைதான், அதில் ஒவ்வோர் ஆசிரியரும் வைத்திருக்கும் விதி சிலபஸிலேயே இருக்கும், படித்துக்கொள்ளுங்கள்.

---

செவ்வந்தி எழுதியது:

"மனிதகுலம் தோன்றிய காலத்திலிருந்தே" படித்ததும் சிரித்துவிட்டேன், நானும் அந்தக் கட்சிதான்.

சரி, இப்படிச் செய்யலாம் என்று யோசிக்கிறேன். இப்போது நான்-கிரெடிட்டில் கேட்டல்-பேச்சு, மாலை வகுப்பு. அவர் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வார். வருடம் நிறைந்து ரெசிடென்சி கிடைத்ததும் கிரெடிட்டில் எழுத்து. எல்லா லெவலும் முடித்த பிறகு லேப் சர்ட்டிஃபிகேட். கணக்குப் போட்டால் மூன்று வருடம் ஆகும் போலிருக்கிறது.

---

கரும்பலகை எழுதியது:

கடைசி வரியில்தான் எனக்கு உடன்பாடில்லை. எல்லா லெவலையும் ஏன் முடிக்க வேண்டும்?

நீங்கள் சேரப்போகும் சர்ட்டிஃபிகேட்டின் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பாடத்துக்கும் முன்தேவை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பல தொழில் படிப்புகளில் ஈஎஸ்எல் முடித்திருக்க வேண்டும் என்று எங்கும் இருக்காது. பரிந்துரை என்று ஒரு வரி இருக்கும், பரிந்துரை கட்டாயம் அல்ல. உங்கள் பக்கத்தில் ஓலோனி காலேஜின் நியூவார்க் வளாகத்தில் பயோடெக்னாலஜி இருக்கிறது, அதையும் பாருங்கள். கெமிஸ்ட்ரியில் எம்எஸ்சி இருப்பவர் முதல் லேப் பாடத்தையும் ஈஎஸ்எல் பேச்சு வகுப்பையும் ஒரே டெர்மில் எடுப்பதில் தவறில்லை. பைப்பெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து டேபிள்காரரிடம் பேசும் ஆங்கிலம் வேகமாக ஒட்டும்.

கலிஃபோர்னியாவில் 2017-இல் ஏபி 705 என்று ஒரு சட்டம் வந்ததே இதற்காகத்தான். அதற்கு முன் ஒரே ஒரு பிளேஸ்மென்ட் பரீட்சையை வைத்து மாணவர்களைக் கீழே தள்ளி, ஏழெட்டு லெவல் ஏறச் சொல்வார்கள். நடுவில் வேலை மாறும், குழந்தை பிறக்கும், பலர் மேலே வந்து சேரவே மாட்டார்கள். இப்போது ஈஎஸ்எல் மாணவர் மூன்று வருடத்துக்குள் காலேஜ் ஆங்கிலப் பாடத்தை முடிக்க அதிகபட்ச வாய்ப்பு தரும்படி காலேஜ் ஏற்பாடு செய்ய வேண்டும். உங்களுக்குப் பரீட்சை வைக்காமல் உங்களையே கேட்டதும் அதனால்தான். அவர்கள் கொடுத்தது பரிந்துரை. கவுன்சிலரிடம் போய், எம்எஸ்சி ஆங்கிலத்தில்தான் எழுதினேன் என்று சொல்லி இன்னும் மேலே கேட்கலாம்.

டிகிரியை இங்கே காட்ட வேண்டும் என்றால், நேசஸில் (வெளிநாட்டுப் படிப்புகளை மதிப்பிடும் நிறுவனங்களின் சங்கம்) உறுப்பினராக இருக்கும் ஒரு நிறுவனத்திடம் மதிப்பீடு வாங்கச் சொல்வார்கள். காசு செலவு, எந்த அறிக்கை தேவை என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். எச்-4-இல் படிக்கத் தடையில்லை, சம்பளத்துக்கு வேலை செய்யத்தான் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். 2015 மே மாதம் முதல் அது கிடைக்கிறது, ஆனால் கணவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) அப்ரூவ் ஆகியிருக்க வேண்டும் அல்லது ஆறு வருடத்துக்கு மேல் எச்-1பி நீட்டிப்பு வாங்கியிருக்க வேண்டும். சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் கேட்கும் படிப்பா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

---

செவ்வந்தி எழுதியது:

ஐ-140 இன்னும் போடவே இல்லை. அப்படியென்றால் இன்டர்ன்ஷிப் கட்டாயமாக உள்ள சர்ட்டிஃபிகேட்டைத் தள்ளிவைக்கிறேன். கவுன்சிலர் அப்பாயின்ட்மென்ட் வியாழக்கிழமை போட்டிருக்கிறேன், அதுவும் போன் அப்பாயின்ட்மென்ட். நேரில் மாற்றிக் கேட்கலாமா என்று யோசித்தேன், வேண்டாம், போனிலேயே பேசிப் பார்க்கிறேன். முன்தேவை, லெவல் மாற்றம், ரெசிடென்சிக்கு என்னென்ன காகிதம் என்று மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

---

ராத்திரி_ஷிப்ட் எழுதியது:

புரியாவிட்டால் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், அனுப்புவார்கள். எழுத்தில் வந்தால்தான் பின்னால் பிரச்சினை வந்தாலும் காட்ட முடியும்.

---

டல்லாஸ்_அண்ணாச்சி எழுதியது:

இந்த இழையை வீட்டில் படித்துவிட்டார்கள். சீரியல் பார்த்து ஆங்கிலம் வந்துவிட்டது என்று யார் சொன்னது என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. டெக்சாஸில் கட்டணம் எப்படி, யாராவது சொல்லுங்கள்.

---

கரும்பலகை எழுதியது:

டெக்சாஸில் மாநிலவாசி என்பதோடு நிற்காது அண்ணாச்சி. கம்யூனிட்டி காலேஜ்களுக்கு உள்ளூர் சொத்து வரியில் பங்கு இருப்பதால், காலேஜ் மாவட்டத்துக்குள் வசிப்பவருக்கு ஒரு கட்டணம், மாவட்டத்துக்கு வெளியே இருப்பவருக்குக் கூடுதல் கட்டணம். உங்கள் வீடு எந்தக் காலேஜ் மாவட்டத்தில் வருகிறது என்று சொத்து வரி பில்லிலேயே இருக்கும், அதை முதலில் எடுத்துப் பாருங்கள்.